கண்ணாடி பாட்டிலில் ஊற்றச் சொன்னேன்

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை பகலில், எங்கள் கட்டடத்தின் நிலவறையில் நான் அடுக்கி வைத்திருந்த பீர் பாட்டில்களில் ஒன்று வெடித்தது.

ஜெர்மனியின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம் இது. ஆறு குடும்பங்கள் இருக்கிற பழைய கட்டடம். ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் மரச்சட்டம் அடித்துத் தடுத்த ஓர் அறை உண்டு. சைக்கிள், பனிக்கால டயர், உருளைக்கிழங்கு மூட்டை என்று அவரவர் சாமான்களைப் போட்டு வைத்திருப்பார்கள். எங்கள் அறையில் நான் வீட்டிலேயே காய்ச்சுகிற பீர் இருக்கும். அன்றைக்கு நான் துணி துவைக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். சத்தம் கேட்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கீழ்வீட்டு அம்மாள் துடைப்பமும் முறமும் எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே, இது எல்லோருக்கும் நடக்கிறதுதான், என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது வருடத்துக்கு ஒன்று வெடிக்கும் என்று சிரித்தார். அடுத்த முறை எனக்கு ஒரு பாட்டில் எடுத்து வை என்றார். பிறகுதான் நான் படியிலிருந்து எழாததைப் பார்த்தார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் என் மனைவி ஸ்டெல்லாவிடம், உன் புருஷன் சின்னப் பிள்ளை மாதிரி பயந்துபோனான் என்று சொல்லியிருக்கிறார்.

இந்த ஊருக்கு வந்து பத்து வருடம் ஆனதைப் பற்றி எழுதித் தரும்படி நம் ஊர் நண்பர்கள் கேட்டிருந்தார்கள். குளிர், ரொட்டி, ரயில், மகளின் தமிழ் என்று நான்கைந்து விஷயங்களைக் குறித்தும் வைத்திருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இதில் நான் நல்லவனாக வரமாட்டேன்.

2

ஸ்டெல்லா செவிலியர். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் படித்து, தேர்வுகள் எழுதி, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை வாங்கினாள். நான் அவளுடைய துணைவனாக வந்தேன். விசாவிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. அதுவரை கல்பாக்கத்தில் ஒப்பந்தக்காரரிடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், முதல் மூன்று வருடம் மொழி வகுப்புக்குப் போவதும், மகள் ஜெனியைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதும், சமைப்பதுமாக இருந்தேன். ஊரில் கேட்டால் நல்லா இருக்கிறேன் என்பேன். இங்கே ஸ்டெல்லாவின் புருஷன் என்பதைத் தவிர எனக்கு வேறு பெயர் இல்லை.

இந்த நாட்டில் பீர் மலிவு. சில கடைகளில் பாட்டில் தண்ணீரைவிட மலிவாகவே கிடைக்கும். அப்படியிருக்க வீட்டில் காய்ச்சுவானேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கென்று ஒரு காரியம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கையில் காசில்லை என்பதால் கிடைத்ததை வைத்துத் தொடங்கினேன். பழம் பதப்படுத்துகிற பெரிய எனாமல் பானை ஒன்று ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. பூண்டுச் சட்னி வந்த பிளாஸ்டிக் வாளியைக் கெபாப் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தார். அதன் வாசனை போக ஒரு வாரம் கழுவினேன். கம்பி மூடி போட்ட தடித்த பாட்டில்களைத் தெருத் தெருவாகக் குப்பைத்தொட்டி ஓரங்களில் பொறுக்கினேன். முளைகட்டி உலர்த்திய பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ் என்கிற உலர்ந்த பூ, ஈஸ்ட் இவை மட்டும்தான் காசு கொடுத்து வாங்கியவை.

செய்முறைப் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்தேன். அதில் வ்யுர்ட்ஸெவை ஒரு மணி நேரம் கொதிக்க விடு என்று எழுதியிருந்தது. அகராதியில் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு மசாலா என்று போட்டிருந்தது. பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் இடித்துப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். பார்லியை ஊறவைத்து வடிக்கிற இனிப்புச் சாற்றுக்கும் அதே பெயர்தான் என்று மொழி வகுப்பில் சொல்லித்தான் தெரிந்தது. வகுப்பே சிரித்தது. ஸ்டெல்லா மட்டும் அந்தக் குருமா வாசனைப் பீரில் அரை டம்ளர் குடித்துவிட்டு, பரவாயில்லையே என்றாள்.

இன்னொன்றும் தெரியவந்தது. வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குகிறவர் அதற்கு முன்பே சுங்க அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. நடுங்கிக்கொண்டே எழுதிப் போட்டேன். எங்கள் பகுதியில் சாராயம், அதிகாரி என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தால் மூன்றாவதாக வருவது லத்திதான். பத்து நாளில் பதில் வந்தது. 'மதிப்பிற்குரிய திரு. சின்னப்பன் அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, உங்கள் கடிதம் கிடைத்தது, ஆண்டுக்கு இத்தனை லிட்டர் வரை வரி கிடையாது என்று இரண்டே பத்தி. சின்னப்பன் என் அப்பா. கடவுச்சீட்டில் அவர் பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டதால் இங்கே எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா சாகும்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று சுமந்தவர். அவரை ஓர் அலுவலகம் மதிப்பிற்குரியவர் என்று எழுதிய கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் போட்டேன்.

3

ஸ்டெல்லாவின் தம்பி அமல்ராஜ். அவளைவிட எட்டு வயது இளையவன். அம்மா அப்பா போன பிறகு அவனை வளர்த்தது அவள்தான். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளை நம்பி ஒரு சின்ன டிபன் கடை வைத்திருந்தான். காலையில் நாஸ்தா, ராத்திரி பரோட்டா. ஷீலாவைக் கட்டி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். சட்டைக் காலர் தைக்கிற வரிசையில் அவள்தான் வேகமான கை என்று அமல் பெருமையாகச் சொல்வான்.

கொரோனா ஊரடங்கு வந்ததும் விடுதிகள் காலியாகின. கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் காலனி வீட்டுக்குத் திரும்பினார்கள். மதுக்கடைகளும் மூடியிருந்தன. என் குழுப் படங்களைப் பார்த்துவிட்டு அமல் தனியாகக் கூப்பிட்டான்.

"மாமா, சும்மா குந்திகினு கீறேன். கையில டப்பு இல்ல. நீ காச்சறியே, அத இங்க காச்ச முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அங்கே அது குற்றம் என்பது எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒருவன் என்னிடம் ஒரு விஷயம் கேட்டது அதுதான் முதல் தடவை. எந்தச் சந்தேகமென்றாலும் எல்லோரும் ஸ்டெல்லாவைத்தான் கேட்பார்கள். நான் வாத்தியார் ஆகிவிட்டேன். ஒரு வாரம் குரல் செய்தியாக அனுப்பித் தள்ளினேன். ஹாப்ஸ் கிடைக்காது, வேப்பம்பூ போடு. பார்லி குறைவாக இருந்தால் முளைகட்டின கேழ்வரகு சேர்த்துக்கொள். பேக்கரி ஈஸ்ட் போதும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறதே, அதைவிட நல்ல பாத்திரம் உண்டா.

அவன் கேட்டவை மூன்றே கேள்விகள்தான். மூன்றும் எனக்கு மனப்பாடம்.

இது தப்பில்லையா என்று கேட்டான். வீட்டுக்குள் நீ குடிப்பதற்கு எவன் கேட்கப் போகிறான் என்று சிரித்தேன்.

பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க லாக்டோமீட்டர் விட்டுப் பார்ப்பார்கள் அல்லவா, அதே மாதிரி பீருக்கும் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. சர்க்கரை எல்லாம் புளித்து முடிந்ததா, இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று அதை மிதக்கவிட்டுத் தெரிந்துகொள்ளலாம். வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு, அது வாங்க வேண்டாமா என்று கேட்டான். அதற்கெல்லாம் காசைக் கரியாக்காதே, குமிழி நின்றால் பாட்டிலில் அடைத்துவிடு என்றேன். நான் அதை வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகுதான் அடைத்தேன்.

மூன்றாவது, கூல்டிரிங்ஸ் வருகிற பிளாஸ்டிக் பாட்டில் நிறைய இருக்கிறது, அதில் ஊற்றட்டுமா என்பது. பிளாஸ்டிக் பாட்டில் உள்ளே காற்று சேர்ந்தால் கல் மாதிரி இறுகும், உப்பும், தொட்டால் தெரிந்துவிடும். குறைந்த செலவில் தொடங்குகிறவர்களுக்கு அதைத்தான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நான் சொன்னது வேறு.

"பிளாஸ்டிக் வாணாம் மச்சான். கண்ணாடில ஊத்து. அப்பதான் பாக்க பீர் மாதிரி இருக்கும். போட்டோ எடுத்து அனுப்பு."

அவன் சர்பத் பாட்டில்கள் தேடிப் பிடித்தான். மெல்லிய கண்ணாடி, திருகு மூடி. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு இறுக மூடச் சொல்லியிருந்தேன். பதினொரு பாட்டிலையும் வரிசையாக நிறுத்தி, வெயில் பட்டுப் பொன்னிறமாகத் தெரிகிற மாதிரி படம் அனுப்பினான். நான் கைதட்டுகிற பொம்மை போட்டேன்.

4

கத்திரி வெயில். தகரக் கூரை வீடு. குமிழி நின்றதென்னவோ உண்மை, ஆனால் புளிப்பு முடிந்திருக்கவில்லை. பாட்டில்களைச் சமையல் மேடைக்குக் கீழே அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். ஐந்தாம் நாள் மத்தியானம் ஷீலா அரிசி எடுக்கக் குனிந்தாள். ஒன்று வெடித்தது. அது பக்கத்தில் இருந்ததை உடைத்தது. வலது கண்ணில் விரல் நகம் அளவு ஒரு துண்டு.

ஊரடங்கில் வண்டி கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அமல் அவள் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு தெருவில் நின்றிருக்கிறான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். வாசனை தெருவரைக்கும் வந்ததாம். மருத்துவமனையில் எப்படி ஆனது என்று கேட்டதும், பொய் யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. நான் காய்ச்சின பீர் பாட்டில் என்று சொல்லிவிட்டான். வெட்டுக்காயம் என்றால் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது அவர்கள் வழக்கம். தெரிவித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த ஒன்பது பாட்டிலையும் கேனையும் எடுத்துப்போனார்கள். ஷீலாவை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோன நேரத்தில் அமலை ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் கண்ணை எடுத்துவிட்டார்கள் என்பது அவனுக்கு மூன்று நாள் கழித்து ரிமாண்டில் இருக்கும்போது தெரிந்தது.

பாட்டில்களுக்குப் பின்னால் அவனை நிறுத்தி எடுத்த படம் ஊர் வாட்ஸாப்பில் சுற்றியது. கீழே கள்ளச்சாராயம் காய்ச்சிய வாலிபர் என்று எழுதியிருந்தது. அது கள்ளும் இல்லை, சாராயமும் இல்லை. புளித்த கஞ்சி மாதிரி ஒரு திரவம். அதை யாரும் குடித்துக்கூடப் பார்க்கவில்லை.

5

தன் போனைப் போலீஸ் எடுத்துக்கொண்டதால், அமல் மருத்துவமனையிலிருந்து யாரிடமோ போன் வாங்கி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டிருந்தான். அப்போது எனக்குக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வீட்டுக்கு வந்தபோது அவள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். பாட்டில் வெடித்தது, ஷீலாவுக்குக் கண்ணில் அடி, போலீஸ் வந்திருக்கிறது என்று மூன்றே வரியில் சொன்னாள்.

"அவன் வேற ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டேன்.

"வேற இன்னா சொல்லணும்?" என்றாள்.

நான் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு போனைத் திறந்தேன். குரல் செய்திகள் பத்தொன்பது. என் பக்கத்தில் எல்லாவற்றையும் அழித்தேன். அவன் பக்கத்தில் அழிக்க முடியாது, காலம் கடந்துவிட்டது. அவன் போன் காவல் நிலையத்தில் இருந்தது.

அந்த மாதம்தான் நாங்கள் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்திருந்தோம். கூடுதலாக ஒரு படிவம் வந்திருந்தது. உங்கள் மீது இந்த நாட்டிலோ வேறு நாட்டிலோ விசாரணை ஏதும் நிலுவையில் உள்ளதா என்று ஒரு கேள்வி. விசாரணை என்பதற்கு ஜெர்மனில் ஒரு முழ நீளச் சொல். ஜெனிக்கு அப்போது எட்டு வயது. என்னைவிட நன்றாகப் படிப்பாள் என்பதால் படிவங்களை அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டுவாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். உனக்கு வேண்டாத சொல் என்றேன். இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். மறுநாள் மலிவான திட்டம் என்று சொல்லிப் போன் எண்ணை மாற்றினேன். குடும்பக் குழுவில் புது எண்ணைச் சேர்க்கச் சொல்லவில்லை.

அமல் யூட்யூபில் பார்த்துச் செய்ததாகச் சொல்லிவிட்டான். அவன் போனை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. பையில் போட்டு அரக்கு வைத்ததோடு சரி. வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா போய்க்கொண்டிருக்கிறான். டிபன் கடை இடத்தை உரிமையாளர் வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். ஒற்றைக் கண்ணால் ஊசி முனையின் தூரம் பிடிபடவில்லை என்று ஷீலாவைக் காலர் வரிசையிலிருந்து நூல் பிசிறு வெட்டுகிற இடத்துக்கு மாற்றி, பிறகு வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நான் மூன்று மாதம் பீர் காய்ச்சவில்லை. நான்காவது மாதம் காய்ச்சினேன். இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த முறைதான் முதல் தடவையாக நன்றாக வந்தது.

6

போன டிசம்பரில் ஊருக்குப் போனோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அமல் இப்போது மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு கடற்கரை விடுதியில் நீச்சல்குளம் சுத்தம் செய்கிறான். நெத்திலி வறுத்து, சங்கரா குழம்பு வைத்து ஷீலா சாப்பாடு போட்டாள்.

அவள் அமலைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. சாராயம் என்றே கூப்பிட்டாள். சாராயம் தண்ணி கொண்டா, சாராயம் செருப்ப ஓரமா வுடு. சாப்பாடு முடிகிறவரை திட்டிக்கொண்டே இருந்தாள். வாங்கி வந்த மீன், கட்டியிருந்த லுங்கி, அவன் மெல்லுகிற சத்தம் எல்லாவற்றுக்கும் திட்டு. அவன் தலை குனிந்து சிரித்தபடி சொன்னதைச் செய்தான். எங்களுக்குச் சங்கடம் தரக்கூடாது என்பதற்காகச் சிரிக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

ஜெனிக்கு இப்போது பதினான்கு. தமிழ் புரியும், பேச வராது, பேசவும் மாட்டாள். ஷீலாவுக்குப் பொருத்தியிருந்த செயற்கைக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவள், இவருடைய ஒரு கண் ஏன் அசையவில்லை என்று ஜெர்மனில் என்னிடம் கேட்டாள். கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள். பாப்பா இன்னா சொல்லுது என்றாள் ஷீலா. மீன் நன்றாக இருக்கிறதாம் என்றேன்.

"கண்ணப் பத்திதான கேக்குது?" என்றாள். "பாத்தாலே தெரீதே. கேக்கட்டும்ணா. இங்க கொயந்தைங்க கேக்காம ஓடிடுதுங்க."

பிறகு என் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"இது எதையோ போன்ல பாத்துட்டு பண்ணிச்சு. நீங்க அங்க மொறையா பண்றவரு. அன்னிக்கு நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேட்டிருக்கும்ணா. உங்க பேச்சுன்னா அதுக்கு வேதம்."

அமல் எழுந்து மோர் கொண்டுவர உள்ளே போனான். நான் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அவனும் நானும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். பழைய டச்சுக் கோட்டைச் சுவர் பக்கம் ஆள் இல்லாத இடம் வந்ததும், மச்சான், அன்னிக்கு நான் அனுப்பினது எல்லாம் என்று ஆரம்பித்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"வுடு மாமா. யூட்யூப்ல பாத்தது அது."

என்னிடமே அப்படிச் சொன்னான். அதற்கு மேல் பேச விடவில்லை. விடுதியில் வெள்ளைக்காரர்கள் பீர் கேட்டால் இவன்தான் சில சமயம் பனிக்கட்டி வாளி கொண்டுபோய் வைப்பானாம். அந்தப் பாட்டிலைத் தொடும்போது கை நடுங்குகிறது, மேனேஜர் குடிகாரன் என்று நினைக்கிறார் என்று வேறு விஷயம் பேசுகிற மாதிரி சொன்னான்.

7

நிலவறையில் பாட்டில் வெடித்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து வந்ததும் ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்தொன்பது செய்தி, லாக்டோமீட்டர் மாதிரிக் குழாய், பிளாஸ்டிக் வேண்டாம் என்றது, எண்ணை மாற்றியது. அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

தெரியும் என்றாள். அன்றைக்கு அமல் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டபோது முதலில் சொன்னதே அதுதானாம். மாமா சொன்னபடிதான் செய்தேன் அக்கா, எங்கே தப்பு ஆனது என்று மாமாவைக் கேள் என்று அழுதிருக்கிறான். போலீஸ் கேட்டால் மாமா பேரை எடுக்காதே, எங்கள் காகிதம் எல்லாம் அலுவலகத்தில் இருக்கிறது, ஜெனி இருக்கிறாள், யூட்யூப் என்று சொல்லிவிடு என்று சொன்னது இவள்தான். ஷீலாவிடமும் சொல்லாதே, அவள் வாய் நிற்காது என்றும் சொல்லியிருக்கிறாள். அவன் சரி என்றானாம். அக்கா சொல்லி அவன் எதையும் மறுத்ததில்லை.

"நான் தூக்கி வளத்த புள்ள," என்றாள். "நான்தான் ஜீப்ல ஏத்தினேன்."

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீ சொல்லுவியான்னு பாத்துகினு இருந்தேன். மூணு மாசம் பாத்தேன். நீ மறுபடியும் வாளிய எடுத்த அன்னிக்குப் பாக்கறத வுட்டுட்டேன்."

அந்த நாள் முதல் அவள் என் பீரைத் தொட்டதில்லை. தவக்காலம், மாத்திரை, வயிறு சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்வாள். நான் எல்லாவற்றையும் நம்பியிருந்தேன்.

ஷீலாவிடம் சொல்லப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். இப்போது சொல்லி அவளுக்கு என்ன கிடைக்கும், உனக்குத்தான் கிடைக்கும் என்றாள். அது உண்மை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் அமல் என் பாரத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் வசவு வாங்குகிறான், அதையாவது இறக்கி வைக்க வேண்டும் என்று நானே எனக்கு ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். இப்போது எங்களிடம் இந்த நாட்டுக் குடியுரிமை இருக்கிறது. யாரும் எங்களை எங்கும் அனுப்ப முடியாது. எனக்கு நேர்மை வந்தது அதற்குப் பிறகுதான் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

8

அமல் வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து ஷீலாவைக் கூப்பிட்டேன். ஆரம்பத்தில் ஊர்ச் செய்தி பேசினாள். நான் சொல்லத் தொடங்கியதும் குறுக்கே பேசவே இல்லை. ஸ்டெல்லா சொன்னதை மறைத்து, நான் செய்ததை மட்டும் சொன்னேன். அவன் பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருந்தான், நான்தான் கண்ணாடியில் ஊற்றச் சொன்னேன் என்கிற இடத்தில் அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

முடித்ததும் இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன், இருந்தது.

"அந்த ஆளு எல்லாம் தெரிஞ்சிகினே என்னாண்ட திட்டு வாங்குச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அஞ்சு வருஷமா நான் பேசாத பேச்சு இல்ல. செத்துத் தொலைன்னு சொல்லிக்கீறேன். மருந்து குடிக்கப் போன அன்னிக்குக்கூட நீ குடிச்சா எனக்கு நிம்மதின்னு சொல்லிக்கீறேன்."

அமல் மருந்து குடிக்கப் போன செய்தி எனக்குத் தெரியாது. ஸ்டெல்லாவுக்கும் தெரியாது. மன்னித்துவிடு ஷீலா என்று சொன்னேன்.

"இத எதுக்கு இப்ப சொல்றீங்க?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி இருந்தது. "உங்களுக்கு மனசு லேசா ஆயிடுச்சாண்ணா? ஆயிடுச்சுன்னா வைங்க."

அவளே வைத்துவிட்டாள்.

அவள் அமலிடம் மன்னிப்புக் கேட்பாள், அழுவாள், இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள், அந்த வீட்டில் அவன் பெயர் மறுபடி அமல் ஆகும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒரு வாரம் எந்தத் தகவலும் இல்லை. ஸ்டெல்லா கூப்பிட்டால் இரண்டு பேருமே எடுக்கவில்லை. எட்டாம் நாள் கிடங்கில் மதிய உணவு இடைவேளையில் அமலிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஷீலாவின் போனிலிருந்து என் புது எண்ணை எடுத்திருக்கிறான். பெட்டிகளுக்கு நடுவில் போனைக் காதில் வைத்துக் கேட்டேன்.

"மாமா, ஏன் சொன்ன? அவ சோறு போட்டு வச்சுட்டு வெளில போயி குந்திக்கிறா. என்னப் பாக்க மாட்டேங்கறா. ஒரு வார்த்த இல்ல. பேரச் சொல்லிக் கூப்பிட வேணாம் மாமா, சாராயம்னாச்சும் கூப்பிட்டுகினு இருந்தா. அது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. அதையும் எடுத்துட்ட."